உள்பக்கம் ஓட்டையா? ரிம் டேப்பைப் பாருங்க! - சைக்கிள் கேள்வி பதில்

இந்தத் தடவை நிறைய பேர் ஒரே பொருளைச் சுத்திச் சுத்தித்தான் கேட்டிருக்கீங்க, சிலர் அதோட பேர் தெரியாமலே கேட்டிருக்கீங்க. அதனால இந்த இதழ் முழுக்க ரிம் டேப்தான்.

கேள்வி: அண்ணா, என் சைக்கிள்ல பின் சக்கரம் மட்டும் அடிக்கடி பஞ்சர் ஆகுது. டயருக்குள்ள விரல் விட்டுத் தடவிப் பாத்துட்டேன், முள்ளும் இல்ல கண்ணாடியும் இல்ல. புது டயர் போட்டேன், அப்பவும் அப்படித்தான். ட்யூப் மோசம்னு சொன்னாங்க, அதையும் மாத்தியாச்சு. ஒரு தடவை ராத்திரி நல்லா இருந்த வண்டி காலைல காத்தே இல்லாம நிக்குது. என்னதான் பிரச்சனை?

பதில்: தம்பி, டயரும் மாத்தியாச்சு ட்யூப்பும் மாத்தியாச்சு, மிச்சம் இருக்கறது ரிம்முக்கும் ட்யூப்புக்கும் நடுவுல கிடக்கற ரிம் டேப் மட்டும்தான். அதை இதுவரைக்கும் யாருமே பாக்கலன்னு உங்க கேள்வியைப் படிச்சாலே தெரியுது. அடுத்த தடவை காத்து இறங்கினா உடனே ஒட்டுறதுக்கு ஓடாதீங்க, ஓட்டை ட்யூப்போட எந்தப் பக்கம் இருக்குன்னு முதல்ல பாருங்க. வால்வு நீட்டிக்கிட்டு இருக்கே, அது ரிம் பக்கம். அதுக்கு எதிர்ப்பக்கம் ரோடு பக்கம். முள்ளு கண்ணாடி குத்தினா ஓட்டை ரோடு பக்கம்தான் வரும். பக்கத்துப் பக்கத்துல ஜோடியா ரெண்டு கீறல் இருந்தா, காத்து கம்மியா வச்சு ஓட்டி ஏதோ பள்ளத்துலயோ கல்லுலயோ இடிச்சு ரிம்மே ட்யூப்பைக் கடிச்சிருக்குன்னு அர்த்தம். ஆனா வால்வு இருக்கற அதே பக்கத்துல நட்டநடுவுல ஊசிமுனை அளவு ஓட்டையோ குட்டி வெட்டோ இருந்தா பெரும்பாலும் ரிம் டேப்தான்.

காரணம் சொல்றேன். டபுள் வால் ரிம்ல, அதாவது ரெண்டு அடுக்கு இருக்கற ரிம்ல, நிப்பிளை, அதாவது ஸ்போக் முனையை ரிம்ல பிடிச்சு வைக்கற சின்ன நட்டை, உள்ள விடறதுக்காக மேல் அடுக்குல ஒவ்வொரு ஸ்போக்குக்கும் ஒரு ஓட்டை போட்டிருப்பாங்க. விட்டம் சுமாரா 8 எம்எம்னு வச்சுக்கோங்க. ட்யூப்ல 100 பி.எஸ்.ஐ காத்து அடிச்சா, அந்த ஒரே ஒரு ஓட்டை மேல மட்டும் கிட்டத்தட்ட மூணரை கிலோ பாரம் விழுது. 32 ஸ்போக் சக்கரம்னா 32 ஓட்டை மேலயும் அதே மூணரை கிலோ, வண்டி ஓடினாலும் சரி நின்னாலும் சரி. டேப் உறுதியா இருந்தா தாங்கிக்கும். மெலிஞ்சதோ நகர்ந்ததோ இருந்தா அது மெல்ல மெல்லக் குழிஞ்சு, ட்யூப் அந்தக் குழிக்குள்ள பிதுங்கி, ஓட்டை விளிம்புல உரசி உரசி ஒரு நாள் அறுந்துடும். அந்த ஒரு நாள் ராத்திரியா இருந்தா காலைல வண்டி காத்தில்லாமத்தான் நிக்கும். ஆள் ஏறாத வண்டி எப்படி பஞ்சர் ஆச்சுன்னு குழம்பறவங்க எல்லாரும் இதைத்தான் முதல்ல பாக்கணும்.

உறுதி பண்ணிக்க ஒரு வழி இருக்கு. டயரைக் கழட்டறதுக்கு முன்னாடி, வால்வுக்கு நேரா டயர்ல ஒரு சாக்பீஸ் கோடு போட்டுக்கோங்க. ட்யூப்பை எடுத்து லேசா காத்து அடிச்சு ஓட்டையைக் கண்டுபிடிங்க, அப்புறம் வால்வை அதே இடத்துல வச்சு ட்யூப்பை ரிம் மேல படுக்க வைங்க. ஓட்டை நேரா ஒரு ஸ்போக் ஓட்டை மேல போய் உக்காந்தா முடிஞ்சது. அதோட வெளிச்சத்துல ட்யூப்போட உள்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பாருங்க. 32 ஸ்போக் 700சி (ரோடு சைக்கிள்ல வழக்கமா வர்ற சைஸ்) சக்கரம்னா ஏறக்குறைய 6 சென்டிமீட்டருக்கு ஒண்ணா, வட்ட வட்டமா மேடு எழும்பி இருக்கும், விரலால தடவினாலே தட்டுப்படும். வெட்டு விழுந்த மேட்டை மட்டும் ஒட்டினா போதாது, மத்த மேடெல்லாம் அடுத்து வரிசைல நிக்குது. அந்த ட்யூப்பை மாத்திடுங்க. ஆனா டேப்பை மாத்தாம புது ட்யூப் போட்டா அதுக்கும் இதே கதிதான், உங்களுக்கு நடந்ததும் அதுதான். டயர்ல போட்ட சாக்பீஸ் கோடும் வீணில்ல, ஓட்டை ஒருவேளை ரோடு பக்கம் இருந்தா முள்ளு டயர்ல எந்த இடத்துல இருக்குன்னு அது காட்டிடும்.

கேள்வி: சார், ரப்பர் பட்டை, துணி டேப், பிளாஸ்டிக் பட்டைன்னு மூணு விதம் இருக்கே, எது நல்லது?

பதில்: எந்த ரிம், எவ்வளவு காத்து, இந்த ரெண்டையும் வச்சுத்தான் சொல்லணும்.

ரப்பர் பட்டை சிங்கிள் வால் ரிம்முக்கானது. அதுல பெரிய ஓட்டை கிடையாது, நிப்பிள் தலைதான் வெளிய தெரியும், அது ட்யூப்பை உரசாம இருந்தா போதும், காத்தும் அதிகம் அடிக்க மாட்டோம். ஆனா அங்கயும் ஒண்ணு பாக்கணும், ஸ்போக் முனை நிப்பிள் தலைக்கு மேல நீட்டிக்கிட்டு இருந்தா எந்த டேப்பும் காப்பாத்தாது, அரத்தால ராவி மட்டம் பண்ணிட்டுத்தான் பட்டையைப் போடணும். அதே ரப்பர் பட்டையை டபுள் வால் ரிம்ல போட்டு 80, 90னு காத்து அடிச்சா ரப்பர் இழுபட்டு ஓட்டைக்குள்ள போயிடும். சில புது வண்டியிலயே இந்தத் தப்பான ஜோடி வருது, அதைப் பாக்கும்போது எனக்கு உண்மையிலேயே கோவம் வரும், வாங்கினவங்க பாவம் ட்யூப் மேலயே பழியைப் போட்டுக்கிட்டு இருப்பாங்க.

துணி டேப்னா பருத்தி நெசவு, பின்னாடி பசை. இழுபடாது, ஒட்டின இடத்தை விட்டு நகராது, சூடும் தாங்கும். மலை இறக்கத்துல ரிம் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே வர்றவங்க சக்கரம் நல்லாவே சூடாகும், மெல்லிசான பிளாஸ்டிக் பட்டை அந்தச் சூட்டுல இளகிக் குழிஞ்சுடும், துணி அப்படியே நிக்கும். அதோட குறை ரெண்டு. தண்ணி பட்டா ஊறி ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும், அப்புறம் ஒட்டி ஓட்டினதை உரிச்சா திரும்ப ஒட்டாது.

பிளாஸ்டிக் பட்டை வளையமா வரும், பசை இல்ல, ரிம் மேல இழுத்து மாட்டறதுதான். நல்ல தரமான நைலான் பட்டை அதிக காத்தையும் தாங்கும், எத்தனை தடவை வேணும்னாலும் கழட்டி மாட்டலாம், ஸ்போக் அடிக்கடி மாத்தறவங்களுக்கும் கோட்டம் எடுக்கறவங்களுக்கும் ரொம்ப வசதி. ஆனா சைஸ் சரியா இருக்கணும், 622 ரிம்முக்கு 622, 559 ரிம்முக்கு 559 (ரிம் ஸ்டிக்கர்ல இருக்கற விட்ட நம்பர் இது). கையால வளைச்சா தொளதொளன்னு மடங்கற பட்டையை வாங்காதீங்க. என்னைக் கேட்டா, ரோடு சைக்கிள்ல ட்யூப் போட்டு ஓட்டறவங்களுக்கு கண்ணை மூடிக்கிட்டு துணி டேப்தான் சொல்லுவேன்.

கேள்வி: ரிம் டேப் அகலம் எப்படித் தெரிஞ்சுக்கறது? டயர் சைஸைச் சொன்னா போதுமா?

பதில்: போதாது. ஒரே ரிம்ல 25 எம்எம் டயரும் போடலாம் 32ம் போடலாம், டேப் ரிம்முக்குத்தான். ரிம் பக்கவாட்டு ஸ்டிக்கர்ல 622x19ன்னு போட்டிருந்தா, 622 டயர் விளிம்பு உக்கார்ற இடத்தோட விட்டம், 19 ரிம்மோட உள் அகலம், ரெண்டுமே எம்எம்ல. ஸ்டிக்கர் உரிஞ்சு போயிருந்தா டயரைக் கழட்டிட்டு ரெண்டு சுவருக்கும் நடுவுல ஸ்கேல் வச்சு அளந்துக்கோங்க. துணி டேப் பெரும்பாலும் 10, 13, 16, 19, 22னு வரும். 19 உள் அகல ரிம்முக்கு பெரும்பாலும் 16 சரியா இருக்கும். பாக்க வேண்டியது என்னன்னா, டேப் நடுப் பள்ளத்துல படுத்து ஓட்டையை ரெண்டு பக்கமும் சில எம்எம் தாராளமா மூடணும், ஆனா டயர் விளிம்பு உக்கார்ற மேட்டு மேல ஏறக்கூடாது. ஏறினா டயர் கோணலா உக்காரும், காத்து அடிச்சதும் ஒரு இடத்துல தூக்கிக்கிட்டு நிக்கும். குறுகலா இருந்தா அதைவிட மோசம், கொஞ்சம் நகர்ந்தாலே ஓட்டையோட ஓரம் வெளிய எட்டிப் பாக்கும், ட்யூப் அங்க போய் மாட்டும். (ட்யூப்லெஸ், அதாவது ட்யூப் இல்லாம ஓட்டற சக்கரத்துக்கான டேப்புக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதுக்குத் தனியா கீழ சொல்லியிருக்கேன்.)

கேள்வி: அண்ணே, துணி டேப் வாங்கிட்டேன். ஒட்டும்போது சுருக்கம் விழுது, ஒரு பக்கமா போயிடுது. எப்படி ஒட்டறது?

பதில்: ஒட்டறதுல பாதி வேலை ஒட்டறதுக்கு முன்னாடியே இருக்குங்க. பழைய டேப்பை உரிச்சதும் பிசினும் மண்ணும் ரிம்ல இருக்கும், அதை ஸ்பிரிட்ல நனைச்ச துணியால சுத்தமாத் துடைச்சு நல்லாக் காய விடுங்க. எண்ணெய்க் கையோட தொட்டா பசை பிடிக்காது. அப்புறம் ஒரு பஞ்சுத் துண்டை எடுத்து ஒவ்வொரு ஓட்டை விளிம்புலயும் ஒரு சுத்து தேய்ங்க, எங்க பஞ்சு இழை மாட்டுதோ அங்க பிசிறு இருக்கு. மெல்லிசான உப்புத்தாள் வச்சு அதைத் தேய்ச்சு எடுத்துட்டு, தூளை ஊதித் தட்டிடுங்க. ரிம்முக்குள்ள ஏதாவது கலகலன்னு உருண்டா அதையும் வெளிய எடுத்துடுங்க, டேப் போட்டப்புறம் எடுக்க முடியாது.

சக்கரத்தை மடியில வச்சுக்கிட்டோ ஃபோர்க்ல மாட்டிக்கிட்டோ உக்காருங்க. துணி டேப்ல வால்வுக்கு ஓட்டை ஏற்கனவே இருக்கும், அதை ரிம்மோட வால்வு ஓட்டைக்கு நேரா கொண்டு வந்து ஒரு ஸ்க்ரூடிரைவரையோ பழைய வால்வையோ ரெண்டுக்குள்ளயும் சொருகிட்டா டேப் அசையாது. இப்ப ஒரு சாண் தூரம் மட்டும் மேல்தாளை உரிங்க, முழுசா உரிச்சுடாதீங்க, அதுதான் எல்லாரும் மாட்டிக்கற இடம், பசைப் பக்கம் தன் மேலயே ஒட்டிக்கும். ஒரு கையால டேப்பை முன்னாடி விறைப்பா இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கைப் பெருவிரலால நடுவுல இருந்து ரெண்டு ஓரத்துக்கும் அழுத்திக்கிட்டே வாங்க. ஒரு சாண் முடிஞ்சதும் அடுத்த சாண். சுருக்கம் விழறதுக்குக் காரணம் இழுவை பத்தாததுதான், ஒரு பக்கம் போறதுக்குக் காரணம் இழுக்கற கை நேரா இல்லாததுதான். கோணல் போச்சுன்னா அங்கேயே நிறுத்தி ரெண்டு ஓட்டை தூரம் உரிச்சுத் திரும்ப ஒட்டுங்க, போகப் போக சரி பண்ணிக்கலாம்னு விட்டா அது இன்னும் விலகும். சுத்தி வந்ததும் ஆரம்பிச்ச முனை மேல ரெண்டு மூணு சென்டிமீட்டர் ஏத்தி ஒட்டி, வால்வு ஓட்டைக்கு முன்னாடியே வெட்டிடுங்க. 700சி ரிம்ல பள்ளத்தைச் சுத்தி வர 2 மீட்டருக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் ஆகும், அதனால 2 மீட்டர் ரோல் ஒண்ணு ஒரு சக்கரத்துக்குப் போதும்.

முடிஞ்சதும் ஒரு ஸ்பூன் பின்பக்கத்தால முழுக்க ஒரு தடவை தேய்ச்சு விடுங்க. ஒவ்வொரு ஓட்டையும் முழுசா மூடியிருக்கான்னு சக்கரத்தை மெதுவாச் சுத்திப் பாத்துட்டு அப்புறம் டயரைப் போடுங்க.

கேள்வி: கரண்ட் வேலைக்கு வர்ற இன்சுலேஷன் டேப் வீட்டுல நிறைய இருக்கு, அதையே ரெண்டு சுத்து சுத்திட்டா ஆகாதா?

பதில்: ஆகாதுங்க. அது இழுபடறதுக்குன்னே செஞ்ச டேப், ஒயர் மேல சுத்தினா இறுகி நிக்கணும்னு அப்படி வச்சிருக்காங்க. ரிம்ல அந்தக் குணமே எதிரி. காத்து அழுத்தத்துல ஓட்டைக்குள்ள இழுபட்டுப் போயிடும், வெயில்ல பசை இளகி டேப் ஓரமா வழுக்கிடும், கழட்டும்போது ட்யூப் பூரா கருப்புப் பிசின். பழைய ட்யூப்பை நீளமா வெட்டிப் போடறதும் சிங்கிள் வால் ரிம்முக்குத்தான் சரி. நடுவழில டேப் கிழிஞ்சு மாட்டிக்கிட்டா மட்டும், காயத்துக்குப் போடற துணி பிளாஸ்டர் கைல இருந்தா அந்த ஓட்டை மேல ரெண்டு மூணு அடுக்கு ஒட்டி, காத்தைக் கொஞ்சம் குறைச்சு வச்சு வீடு வந்து சேரலாம். வந்ததும் எடுத்துடுங்க.

கேள்வி: பழைய டேப் மேலயே புது டேப் ஒட்டினேன், இப்ப டயரே ஏற மாட்டேங்குது, லீவர் ஒடிஞ்சதுதான் மிச்சம்.

பதில்: டயர் விளிம்புக்குள்ள இருக்கற கம்பி நீளாது. ரிம் நடுப் பள்ளத்துல அது இறங்கினாத்தான் கடைசி ஒரு சாண் ஏறறதுக்குத் தளர்வு கிடைக்கும். டேப் 1 எம்எம் தடிமன் கூடினா பள்ளத்தோட சுற்றளவு 6 எம்எம்முக்கு மேல கூடிடும், அந்த அளவுக்கு உங்களுக்குத் தளர்வு போச்சு. ரெண்டையும் உரிச்சுட்டு ஒரே அடுக்கு ஒட்டுங்க. ஏத்தும்போது வால்வுக்கு எதிர்ப்பக்கத்துல ஆரம்பிச்சு வால்வு கிட்ட முடிங்க, ஏன்னா வால்வு இருக்கற இடத்துல ட்யூப் அடைச்சுக்கிட்டு விளிம்பைப் பள்ளத்துல இறங்க விடாது. ஏத்தின பக்கத்தை எல்லாம் கையால நடுப் பள்ளத்துக்குப் பிசைஞ்சு தள்ளிக்கிட்டே வந்தீங்கன்னா கடைசிப் பகுதி பெருவிரலுக்கே ஏறிடும், லீவர் தேவைப்படாது.

கேள்வி: எனக்கு எப்பவும் வால்வு அடியிலதான் கிழியுது. இதுக்கும் டேப்தான் காரணமா சார்?

பதில்: டேப்பா இருக்கலாம், ஆனா முதல்ல வால்வு ஓட்டையைப் பாருங்க. மெல்லிசான பிரெஸ்டா வால்வுக்கு ரிம் ஓட்டை 6.5 எம்எம், மோட்டார் பைக்ல இருக்கற மாதிரி தடிச்ச ஷ்ராடர் வால்வுக்கு 8.5. பெரிய ஓட்டையில சின்ன வால்வைப் போட்டா சுத்தி இருக்கற இடைவெளில ட்யூப் பிதுங்கிக் கிழியும். அதுக்குன்னு சின்ன ரப்பர் வளையம் கிடைக்குது, போட்டுக்கோங்க. ஓட்டை சரியா இருந்தும் கிழிஞ்சா டேப்போட ஓட்டை விலகி ரிம் விளிம்பு வெளிய தெரியுதான்னு பாருங்க. அப்புறம், காத்து கம்மியா ஓட்டினா டயர் ரிம் மேல மெல்ல நகர்ந்து ட்யூப்பையும் இழுத்துக்கிட்டுப் போகும், வால்வு சாஞ்சு நிக்குதுன்னா அதுதான் காரணம்.

கேள்வி: ட்யூப்லெஸ்ஸா மாத்தினேன். ரெண்டு நாள்ல காத்து இறங்கிடுது, ஓட்டையை அடைக்க டயருக்குள்ள ஊத்தற சீலண்ட் ஸ்போக் நிப்பிள் வழியா வெள்ளையா கசியுது. நிப்பிள்ல ஏதாவது பசை வச்சு அடைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். நிப்பிள் வழியா சீலண்ட் வருதுன்னா டேப்ல எங்கயோ வழி கிடைச்சு ரிம்முக்குள்ள இறங்கிடுச்சுன்னு அர்த்தம். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, ரிம் உள்ள கூடு மாதிரி வெறுமையா இருக்கறதால காத்து ஒரு இடத்துல நுழைஞ்சு சுத்தி வந்து வேற எங்கயோ வெளிய வரும். அதனால சோப்புத் தண்ணி ஊத்திப் பாத்து முட்டை விடற நிப்பிளுக்கு நேரா மட்டும் டேப்பைச் சரி பண்ணினா பிரச்சனை தீராது. டேப்பை முழுசா மாத்தணும்.

ட்யூப்லெஸ் டேப் ரிம்மோட உள் அகலத்தைவிட 2, 3 எம்எம் அகலமா இருக்கணும், இந்தச் சுவர்ல இருந்து அந்தச் சுவர் வரைக்கும் பள்ளத்தோட வளைவைத் தழுவிப் படுக்கணும், டயர் விளிம்பு அது மேல உக்காந்து அழுத்திப் பிடிச்சுக்கும். துணி டேப் இங்க உதவாது, நெசவு வழியா காத்து போயிடும். ஸ்பிரிட் போட்டுத் துடைக்கறதை இங்க இன்னும் கவனமா செய்யணும், பழைய சீலண்ட் பொருக்கு ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்தாலும் அங்க வழி விட்டுடும். வால்வு ஓட்டைக்கு ஒரு சாண் முன்னாடி, ரெண்டு ஓட்டைக்கு நடுவுல ஆரம்பிச்சு, துணி டேப்பைவிட பலமா இழுத்து ஒட்டிக்கிட்டே வந்து, வால்வைத் தாண்டி ஒரு சாண் ஏத்தி முடிங்க, அப்ப வால்வு கிட்ட ரெண்டு அடுக்கு கிடைக்கும். மெல்லிசான டேப்னா ரெண்டு முழுச் சுத்து. பள்ளத்தோட மூலைல காத்துக் குமிழ் நிக்கும், துணியைச் சுத்தின பெருவிரலால அதை ஓரத்துக்குத் தள்ளி வெளியேத்துங்க.

வால்வுக்கு ஓட்டை போடும்போது பிளேடு எடுக்காதீங்க, குறுக்க வெட்டின வெட்டு காத்து அழுத்தத்துல நீண்டுக்கிட்டே போகும். ஒரு ஆணியைச் சூடு பண்ணி டயர் பக்கத்துல இருந்து குத்துங்க, வட்டமா, ஓரம் உருகிச் சுத்தமா வரும். வால்வை விட்டு நட்டைக் கையால இறுக்கினா போதும். சீலண்ட் ஊத்தறதுக்கு முன்னாடி, வால்வை எடுத்துட்டு ஒரு சாதா ட்யூப்பைப் போட்டு டயரை மாட்டி, டயருக்கும் ரிம்முக்கும் போட்டிருக்கற அளவைத் தாண்டாம காத்து அடிச்சு ஒரு ராத்திரி வைங்க, டேப் ரிம்மோட நல்லா ஒட்டிக்கும். அவசரத்துல இந்த ஒரு ராத்திரியைத்தான் முக்கால்வாசிப் பேர் விட்டுடறாங்க.

கேள்வி: என் ரிம்ல மேல ஓட்டையே இல்ல. டேப் போடணுமா?

பதில்: வேணாம். ஸ்போக் ஓட்டை மேல் அடுக்குல வராத மாதிரி சில சக்கரங்களைச் செய்யறாங்க, மேவிக் கம்பெனி 1999ல கொண்டு வந்த யுஎஸ்டி ட்யூப்லெஸ் ரிம் அப்படித்தான். வால்வு ஓட்டை விளிம்புல பிசிறு இல்லாம இருந்தா போதும்.

கேள்வி: ரிம் டேப்பை எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை மாத்தணும்?

பதில்: மாசக் கணக்கு கிடையாதுங்க. எந்தக் காரணத்துக்காக டயரைக் கழட்டினாலும் டேப் மேல விரலை ஒரு சுத்து ஓட்டுங்க. ஓட்டைக்கு நேரா குழி ஆழமா விழுந்திருந்தா, ஓரம் கிழிஞ்சிருந்தா, துணி டேப் ஊறிப் பிரிஞ்சு நிப்பிள்ல வெள்ளையாப் பூத்திருந்தா, பிளாஸ்டிக் பட்டைல கீறல் இருந்தா மாத்துங்க. இல்லைன்னா வருஷக்கணக்கா ஓடும். டிபியூ ட்யூப் (ரப்பருக்குப் பதிலா பிளாஸ்டிக் மாதிரிப் பொருள்ல செஞ்ச ட்யூப்) போடறவங்க மட்டும் இன்னும் கொஞ்சம் கறாரா இருங்க, அது ரொம்ப மெல்லிசு, சின்னப் பிசிறையும் தாங்காது.

கேள்வி: எங்க பக்கம் முள்ளு ஜாஸ்தி. நல்ல ரிம் டேப்பா போட்டா முள்ளு பஞ்சர் குறையுமா அண்ணா?

பதில்: குறையாதும்மா. ரிம் டேப் இருக்கறது உள்பக்கம், முள்ளு வர்றது வெளிப்பக்கம். நீங்க தேடறது டயர் லைனர், அது டயருக்கும் ட்யூப்புக்கும் நடுவுல போடற பட்டை. வாங்கும்போது அதோட முனையைப் பாருங்க, வெட்டின ஓரம் கூரா இருந்தா அதுவே ட்யூப்பை அறுக்கும். உப்புத்தாளால முனையை மழுக்கிட்டு, ரெண்டு முனையும் ஒண்ணு மேல ஒண்ணு வர்ற இடத்துல, ட்யூப்பைத் தொடற முனை மேல ஒரு துண்டு துணி டேப் ஒட்டிட்டு உள்ள வைங்க.